நீண்ட ஆவணத்தில் ஸ்டைல்கள்: பக்கம் கட்டுகிறவரின் வழிமுறை

நானூறு பக்கத்துக்கு மேல் ஓடும் ஒரு கோப்பு கைக்கு வந்தால், அதைப் படிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்வேன். நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, உள்ளுரை எந்த ஸ்டைலில் (எழுத்துரு, அளவு, இடைவெளி போன்ற தோற்ற அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைத்த தொகுப்பு) இருக்கிறதோ அந்த ஸ்டைலைத் திறந்து, எழுத்துருவைச் சம்பந்தமே இல்லாத வேறொன்றாக மாற்றி, அளவை 22 ஆக்கி, நிறத்தைச் சிவப்பாக்குவேன். பிறகு மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பேன். சிவந்து பெருத்த இடமெல்லாம் ஒழுங்கான இடம். கறுப்பாகவே நிற்கும் பாரா வேறு ஸ்டைலில் இருக்கிறது, அல்லது அதன் நிறத்தை யாரோ கையால் கொடுத்திருக்கிறார்கள். சிவந்தும் அளவு மாறாமல் நின்றால், அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து மேலே இருக்கும் பெட்டியில் அளவை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சில நிமிடம்தான் ஆகும். அந்தக் கோப்பைச் சரிசெய்ய எவ்வளவு வேலை பிடிக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் பக்கம் கட்டுவது. ஆய்வேடு, கருவிக் கையேடு, கலைக்களஞ்சியத் தொகுதி, உரையோடு வரும் பழந்தமிழ்ப் பதிப்பு என்று பெரும்பாலும் நீளமான வேலைகளே வரும். எல்லாவற்றிலும் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: தோற்றம் பற்றிய எந்த முடிவும் ஆவணத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். மேற்கோள் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் என்பது மேற்கோள் ஸ்டைலுக்குள் இருக்க வேண்டும். நூல் முழுக்க உள்ள மேற்கோள்களில் அது சிதறிக் கிடந்தால், ஆசிரியர் கடைசி வாரத்தில் “கொஞ்சம் குறைக்கலாமே” என்று சொல்லும்போது ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நிச்சயம் விட்டுப்போகும். அச்சான பிறகுதான் அவை கண்ணில் படும்.

கீழே சொல்வது எழுதப் பயன்படும் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர், பக்கம் கட்டப் பயன்படும் இன்டிசைன், கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பட்டன் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்

கையெழுத்துப் பிரதியைப் புரட்டி, அதில் என்னென்ன வகைப் பத்திகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று இப்போது யோசிக்க வேண்டாம். என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள். உரையோடு கூடிய ஒரு பழைய நூல் என்றால் பட்டியல் இப்படி வரும்: பாடல் எண், திணை துறைக் குறிப்பு, பாடல், அருஞ்சொற்பொருள், பொழிப்புரை, விளக்கவுரை, பாடவேறுபாடு, அடிக்குறிப்பு, முன்னுரையின் உள்ளுரை, இயல் தலைப்பு, உட்தலைப்பு.

இந்தப் பெயர்களே ஸ்டைல்களின் பெயராகட்டும். ‘சிவப்புத் தலைப்பு’, ‘12 போல்டு நடு’ போன்ற பெயர்களை நான் ஏற்பதே இல்லை. தலைப்பு நீலமாக மாறிய அன்றே ‘சிவப்புத் தலைப்பு’ என்ற பெயர் பொய்யாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால், ஒரே மாதிரி தெரியும் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே ஸ்டைலுக்குள் போய் விழும். அருஞ்சொற்பொருளும் பாடவேறுபாடும் இன்றைக்கு ஒரே அளவில், ஒரே தள்ளலில் இருக்கலாம். ‘சிறிய எழுத்து’ என்று இரண்டுக்கும் ஒரே ஸ்டைல் கொடுத்துவிட்டால், நாளை பாடவேறுபாட்டை மட்டும் பக்க அடிக்குக் கொண்டுபோகச் சொன்னால் பிரிக்க வழியில்லை. தனித்தனிப் பெயர் கொடுத்து, இரண்டுக்கும் இப்போதைக்கு ஒரே அளவு வைப்பதில் நஷ்டம் ஏதும் கிடையாது.

எத்தனை ஸ்டைல் வேண்டும் என்று கேட்பார்கள். பட்டியலில் எத்தனை வேலை இருக்கிறதோ அத்தனை. ஒரே ஓர் இடத்தில் வரும் காணிக்கைப் பக்கத்துக்குக்கூட ஒரு ஸ்டைல் வைப்பேன். அது வீண் என்று சொல்பவர்கள் உண்டு, நான் ஒப்புக்கொள்வதில்லை. பேரில்லாத பத்தி ஒன்றை அனுமதித்தால் அடுத்த மாதம் அது பத்தாக வளர்ந்திருக்கும்.

பரம்பரை

ஸ்டைல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுக்க வரையறுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. எது எதை அடியாகக் கொண்டது என்று சொல்வதில்தான் இதன் பலமே இருக்கிறது. இன்டிசைனிலும் வேர்டிலும் ‘பேஸ்டு ஆன்’ என்ற பெட்டி அதற்குத்தான். ரைட்டரில் ‘இன்ஹெரிட் ஃப்ரம்’ என்றிருக்கும். பிள்ளை ஸ்டைல் தன் தாயிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எதில் வேறுபடுகிறதோ அதை மட்டும் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது.

மேலே சொன்ன பதிப்பில் நான் இப்படி அமைப்பேன். ‘உள்ளுரை’ தாய்: எழுத்துரு, 11 புள்ளி (பாயின்ட் என்ற அச்சு அளவு), வரியிடை 16 புள்ளி, இருபுறமும் சமன், முதல் வரி உள்தள்ளல் 5 மில்லிமீட்டர். ‘உள்ளுரை-முதல்’ அதன் பிள்ளை; உள்தள்ளல் பூஜ்யம் என்பது மட்டும் வேறுபாடு. தலைப்புக்கு அடுத்து வரும் பத்தி அது. ‘பொழிப்புரை’யும் பிள்ளை, தற்போதைக்கு ஒரு வேறுபாடும் இல்லாமல் பெயர் மட்டும். ‘விளக்கவுரை’ ஒரு புள்ளி சிறியது. ‘அருஞ்சொற்பொருள்’, ‘பாடவேறுபாடு’ இரண்டும் விளக்கவுரையின் பிள்ளைகள். தலைப்புகளை இந்தக் குடும்பத்தில் சேர்க்க மாட்டேன். அவற்றுக்குத் தனியாக ஒரு ‘தலைப்பு-அடி’ வைத்து, எழுத்துரு, நிறம், அடுத்த பத்தியோடு ஒட்டி நிற்பது ஆகியவற்றை அதில் எழுதி, இயல் தலைப்பையும் உட்தலைப்பையும் அதன்கீழ் வைப்பேன்.

இப்போது எழுத்துருவை மாற்றச் சொன்னால் இரண்டே இடத்தில் கை வைத்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது: பிள்ளை ஸ்டைலில் ஒரு மதிப்பை மாற்றிக் குறித்துவிட்டால், அந்த மதிப்பு அதன் பிறகு தாய் சொன்னபடி கேட்காது. விளக்கவுரையில் எழுத்துருவையும் வேறாக மாற்றி வைத்திருந்தால், உள்ளுரையின் எழுத்துருவை மாற்றும்போது விளக்கவுரை பழையபடி நிற்கும். ஆகவே பிள்ளை ஸ்டைலில் தேவைக்கு மேல் எதையும் தொடாதீர்கள். இன்டிசைனில் ஸ்டைல் பெட்டியின் முதல் பக்கத்திலேயே, தாயிடமிருந்து எதில் வேறுபடுகிறது என்ற சுருக்கம் ஒரு கூட்டல் குறியோடு தெரியும். அந்த வரி நீளமாக இருந்தால் எங்கோ தேவையில்லாமல் கை பட்டிருக்கிறது. மூன்று தலைமுறைக்கு மேல் போகவும் வேண்டாம். நான்காவதில் எந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடவே நேரம் போய்விடும்.

வேர்டின் ‘நார்மல்’, இன்டிசைனின் ‘பேசிக் பாராகிராஃப்’ இரண்டையும் உள்ளுரைக்குப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர்டில் தலைப்பு, பக்க மேற்குறிப்பு, அடிக்குறிப்பு என்று உள்ளமைந்த ஸ்டைல்களில் பெரும்பாலானவை நார்மலில்தான் தொங்குகின்றன. அதில் முதல் வரி உள்தள்ளல் வைத்தால், அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் பக்க எண்ணுக்கு முன்னும் அதே தள்ளல் வந்து நிற்கும். ‘உள்ளுரை’ என்று சொந்தமாக ஒன்று செய்து அதை மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

வேர்டில் இன்னொன்று: ஸ்டைலை மாற்றும் பெட்டியில் ‘ஆட்டோமேட்டிகலி அப்டேட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் டிக் இருந்தால், ஒரு பத்தியை மட்டும் யாராவது நடுவில் நிறுத்தினாலும் அந்த ஸ்டைலில் உள்ள அத்தனை பத்தியும் நடுவுக்குப் போய்விடும். எடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தும் இரட்டைக் கணக்கும்

“ஸ்டைலில் 12 என்று போட்டுவிட்டேன், தமிழ் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது” என்று அடிக்கடி கேட்பார்கள். காரணம் இதுதான். வேர்டும் ரைட்டரும் ஒவ்வொரு ஸ்டைலிலும் எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு ஆகியவற்றை லத்தீன் எழுத்துக்கு ஒன்று, காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வகைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. தமிழ் இரண்டாவது வகையில் வருகிறது. நீங்கள் மாற்றியது லத்தீன் பக்கத்து 12. தமிழ் தன் பக்கத்து 11-லேயே நிற்கிறது.

வேர்டில் ஸ்டைலை ‘மாடிஃபை’ செய்யும்போது மேலே தெரியும் குறுக்குவழிப் பெட்டிகளை நம்பாமல், கீழே ‘ஃபார்மேட்’ பட்டனை அழுத்தி ‘ஃபான்ட்’ பெட்டிக்குள் போங்கள். அங்கே ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பகுதி தனியாக இருக்கும். ரைட்டரில் அமைப்புகளின் மொழிப் பக்கத்தில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கினால், ஸ்டைலின் ஃபான்ட் பக்கத்தில் தமிழுக்கான பகுதி வரும். இரண்டு பக்கத்தையும் நிரப்பும் பழக்கம் வந்துவிட்டால், இது தொல்லையாக இல்லாமல் வசதியாகவே மாறிவிடும். பல தமிழ் எழுத்துருக்களுக்குப் பக்கத்தில் அதே அளவு ஆங்கில எழுத்து பெரிதாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஒரே ஸ்டைலில் தமிழுக்கு 11, லத்தீனுக்கு 10 என்று கொடுத்துவிட்டால் நூல் முழுக்க ஆங்கிலச் சொற்கள் தாமாகவே அடங்கி உட்காரும்.

இன்டிசைனில் இந்த இரட்டைக் கணக்கு இல்லை. அங்கே பாரா ஸ்டைலுக்குள் (முழுப் பத்திக்கும் பூசும் ஸ்டைல்) ‘கிரெப் ஸ்டைல்’ என்ற பகுதியில், லத்தீன் எழுத்து எங்கு வந்தாலும் ‘ஆங்கிலம்’ என்ற கேரக்டர் ஸ்டைலை (பத்திக்குள் சில எழுத்துகளுக்கு மட்டும் பூசுவது) தானாகப் பூசு என்று ஒரு விதி எழுதி வைக்கலாம். தாய் ஸ்டைலில் எழுதினால் பிள்ளைகளுக்கும் அது போகும். அதோடு, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் (எழுத்துகளை வரியில் அடுக்கும் பொறி) ‘வேர்ல்டு-ரெடி’ வகையாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற வகையில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளிகள் இடம் தவறும். இதையும் தாய் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள். பத்தி பத்தியாக மாற்றாதீர்கள்.

வரியிடையைத் தானாக விடாமல் எண்ணாகக் கொடுப்பது தமிழுக்கு மிக முக்கியம். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கு மேலும் கீழும் எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு கணக்கைச் சுமந்து வருகிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியில் இரண்டில் பெரியது வென்றுவிடும். அந்த வரி மட்டும் அகன்று நிற்கும். ‘எக்ஸாக்ட்லி’ என்று நிலையான அளவு கொடுத்தால் எல்லா வரியும் ஒரே சீராக வரும். ஆனால் மிக இறுக்கினால் ‘கீ’யின் சுழியும் ‘ஞூ’வின் அடிவாலும் வெட்டுப்படும். 11 புள்ளிக்கு 16-லிருந்து தொடங்கி, ‘மூஞ்சூறு’, ‘கீழ்க்கணக்கு’ போன்ற சொற்களை மேலும் கீழுமாக அடுக்கி அச்செடுத்துப் பாருங்கள். திரையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேரக்டர் ஸ்டைல்

ஒரு பத்திக்குள் சில சொற்கள் மட்டும் வேறுபட வேண்டுமென்றால் அதற்குக் கேரக்டர் ஸ்டைல். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்தே கிடையாது. வேர்டு நேரெழுத்தைத் தானாகச் சாய்த்துக் காட்டுகிறது, அது கண்ணுக்கு உறுத்தும். ஆகவே ‘சாய்வு’ என்ற பெயரில் ஒரு ஸ்டைல் செய்யாதீர்கள். நூற்பெயர், அழுத்தம், பிறமொழிச் சொல், அகராதித் தலைச்சொல் என்று அதன் வேலைக்குப் பெயரிடுங்கள். நூற்பெயரைச் சாய்ப்பதா, தடிப்பதா, ஒற்றை மேற்கோளில் வைப்பதா என்று பதிப்பாசிரியரும் ஆசிரியரும் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்கட்டும். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. மேற்கோள் குறி மட்டும் உரையில் சேர வேண்டியது, ஆனால் அந்த ஸ்டைல் பூசிய இடங்களைத் தேடி ஒரே வீச்சில் இரு பக்கமும் குறி சேர்க்க முடியும்.

கேரக்டர் ஸ்டைலில் மாறுவதை மட்டும் எழுதுங்கள். தடிமன்தான் மாற்றமென்றால் எழுத்துருவின் அளவுப் பெட்டி காலியாக இருக்கட்டும். 11 என்று எழுதி வைத்தால் அதே ஸ்டைலை அடிக்குறிப்பில் பூசும்போது 9 புள்ளி வரிக்கு நடுவே 11 புள்ளிச் சொல் வந்து நிற்கும்.

இடைவெளி, உடைப்பு, ஒட்டு

வெற்று என்டர்கள்தான் நீண்ட கோப்பைப் பாழாக்குவதில் முதலிடம். பத்திக்கு மேலே கீழே எவ்வளவு இடம் என்பதை ஸ்டைலின் ‘ஸ்பேஸ் பிஃபோர்’, ‘ஸ்பேஸ் ஆஃப்டர்’ முடிவு செய்யட்டும். இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால் இயல் தலைப்பு ஸ்டைலிலேயே ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ போடுங்கள். தலைப்பு பக்க அடியில் அநாதையாக நிற்காமல் இருக்க ‘கீப் வித் நெக்ஸ்ட்’. இந்த மூன்றும் இருந்தால், முதல் இயலில் பத்துப் பக்கம் சேர்த்தாலும் எழுபதாம் பக்கத்துத் தலைப்பு தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செய்யுளுக்கு இரண்டு வழி உண்டு. எதைத் தேர்வது என்பது அடியின் நீளத்தைப் பொறுத்தது. குறள் வெண்பா, நாலடி வெண்பா போல அடி ஒரு வரிக்குள் அடங்கும் என்றால், பாடல் முழுவதையும் ஒரே பத்தியாக வைத்து அடிக்கு அடி ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி உடைக்கலாம். ‘கீப் லைன்ஸ் டுகெதர்’ போட்டுவிட்டால் பாடல் இரண்டு பக்கத்தில் பிளவுபடாது. அந்த ஸ்டைல் இடப்பக்கச் சீராக இருக்க வேண்டும். இருபுறமும் சமன் என்றிருந்தால் வேர்டு உடைத்த வரியைப் பக்க அகலத்துக்கு இழுத்துவிடும்.

அடி நீண்டு அடுத்த வரிக்கு மடங்கும் விருத்தம் போன்றவற்றுக்கு இது சரிப்படாது. மடங்கி வந்த துண்டு உள்ளே தள்ளி நின்றால்தான் அது புது அடி அல்ல என்று படிப்பவருக்குத் தெரியும். தொங்கு தள்ளல் ஒரு பத்தியின் முதல் வரியைத் தவிர மற்ற எல்லா வரிக்கும் பொருந்துவதால், ஷிஃப்ட் என்டரில் உடைத்த இரண்டாம் அடியும் உள்ளே போய்விடும். இங்கே ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாக இருக்க வேண்டும். ‘பாடல்-அடி’ என்று ஒன்று, இடம் விட்டு முடியும் ‘பாடல்-ஈற்றடி’ என்று ஒன்று. பாடல்-அடியில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ போட்டால் ஈற்றடிவரை கைகோத்து நிற்கும்.

தாயில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். சொல்லை எங்கே மடக்கலாம் என்பதை மென்பொருள் அதை வைத்துத்தான் முடிவு செய்யும். நீண்ட தமிழ்ச் சொற்கள் இருபுறச் சமனில் ஆற்றுப்படுகை மாதிரி வெள்ளை இடைவெளி விடுவதற்கு, மொழி ஆங்கிலம் என்று கிடப்பதே பல நேரம் காரணம்.

அட்டவணைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கட்டத்துக்குள் இருப்பதும் பத்திதான். ‘அட்டவணை-தலை’, ‘அட்டவணை-உரை’, ‘அட்டவணை-எண்’ என்று மூன்று பாரா ஸ்டைல் போதும்.

ஒழுங்கில்லாத கோப்பைச் சுத்தம் செய்யும் வரிசை

நடைமுறையில் ஆசிரியரிடமிருந்து வருவது கையால் அலங்கரித்த வேர்டு கோப்புதான். அதைச் சுத்தம் செய்யும்போது வரிசை தவறினால் ஆசிரியர் வேண்டுமென்று சாய்த்த, தடித்த சொற்களெல்லாம் போய்விடும். வேர்டில் ஒரு வினோத வழக்கம் உண்டு: பத்திக்குப் பாரா ஸ்டைலைப் பூசும்போது, அந்தப் பத்தியில் பாதிக்கு மேல் கையால் சாய்த்திருந்தால் சாய்வை அழித்துவிடும், பாதிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவைக்கும். ஆகவே ஸ்டைல் பூசுவதற்கு முன்பே அவற்றைக் காப்பாற்றி வைக்க வேண்டும். கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் கையால் செய்த எழுத்து அலங்காரத்தோடு கேரக்டர் ஸ்டைலும் போய்விடும் என்பதால், நேரே கேரக்டர் ஸ்டைலாக மாற்றி வைப்பதும் போதாது. நான் குறி வைத்துக் காப்பாற்றுகிறேன்.

முதலில் « » என்ற குறிகள் கோப்பில் ஏற்கெனவே இல்லை என்று தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். ‘ரிப்ளேஸ்’ பெட்டியில் தேட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஃபார்மேட்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து சாய்வைத் தேர்ந்தெடுங்கள். மாற்ற வேண்டிய இடத்தில் «^&» என்று எழுதுங்கள். ^& என்றால் கண்டுபிடித்த அதே சொல் என்று பொருள். ‘ரிப்ளேஸ் ஆல்’ கொடுத்தால் சாய்ந்த ஒவ்வொரு துண்டும் குறிகளுக்குள் வந்துவிடும். இங்கும் அந்த இரட்டைக் கணக்கு உண்டு. லத்தீன் பகுதியில் ஒரு முறையும் காம்ப்ளக்ஸ் பகுதியில் ஒரு முறையும் தனித்தனியாகத் தேடி, இரண்டு முறையும் குறி விழுந்த துண்டுகள் இருந்தால் ஒன்றாக்குங்கள். தடித்த எழுத்துக்கு வேறு குறி.

அடுத்து முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, எழுத்து அலங்காரத்துக்குக் கண்ட்ரோல் ஸ்பேஸ், பத்தி அலங்காரத்துக்குக் கண்ட்ரோல் க்யூ. இப்போது எல்லாம் வெறுமையாக இருக்கும். பாரா ஸ்டைல்களைப் பூசுங்கள். அதன்பின் தேடும் பெட்டியில் ‘யூஸ் வைல்டுகார்ட்ஸ்’ டிக் செய்து «(*)» என்று தேடி, \1 என்று மாற்றி, மாற்றும் பக்கத்தின் ஃபார்மேட்டில் ‘நூற்பெயர்’ கேரக்டர் ஸ்டைலைக் கொடுங்கள். குறிகள் மறைந்து, சொற்கள் ஸ்டைலோடு நிற்கும். எல்லாச் சாய்வும் நூற்பெயர் ஆகாது; இந்த மாற்றத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வதே நல்லது. பத்தி முடிவைத் தாண்டிச் சாய்த்திருந்தால் மூடும் குறி அடுத்த பத்தியின் தொடக்கத்தில் விழுந்திருக்கும்; அவற்றை முன்கூட்டியே தேடித் திருத்துங்கள்.

வெற்றுப் பத்திகளை அழிக்க, ‘ஸ்பெஷல்’ பட்டியலிலிருந்து பத்தி முடிவுக் குறியை இரண்டு முறை வைத்துத் தேடி, ஒன்றாக மாற்றிக்கொண்டே வாருங்கள். ஆனால் இதை ஸ்டைல் பூசிய பின்பே செய்யுங்கள். ஆசிரியர் விட்ட வெற்று வரிதான் இங்கே மேற்கோள் தொடங்குகிறது, இங்கே காட்சி மாறுகிறது என்று சொல்லும் ஒரே தடயமாக இருக்கலாம்.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் வந்த கோப்பை யுனிகோடுக்கு மாற்றுவது எல்லாவற்றுக்கும் முந்திய படி. அந்தக் கோப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் வேறுபடுத்துவது எழுத்துருவின் பெயர் மட்டுமே. அலங்காரத்தை முதலில் நீக்கிவிட்டால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று எந்த மாற்றியாலும் சொல்ல முடியாது. மாற்றிய பிறகு ‘கௌ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, தேடலிலும் சொல்லடைவிலும் காலை வாரும்.

பல கோப்புகள், பல கைகள்

இயலுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வேலை செய்யும்போது, ஸ்டைல்களுக்கு ஒரு கோப்பு மட்டுமே மூலம் என்று முடிவு செய்யுங்கள். இன்டிசைனின் ‘புக்’ பலகத்தில் ஒரு கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியை அழுத்தினால் அதுதான் மூலம். ‘சிங்க்ரனைஸ்’ கொடுத்தால் மூலத்தில் இருக்கும் ஸ்டைல்கள் மற்றக் கோப்புகளுக்குப் போகும். அதே பெயரில் அங்கே இருப்பவை மூலத்தின்படி மாறும். மூலத்தில் இல்லாத பெயர்களை அது தொடாது. அங்கேதான் சிக்கல். ஒருவர் ‘உட்தலைப்பு 1’ என்றும் இன்னொருவர் நடுவே இடைவெளியில்லாமல் ‘உட்தலைப்பு1’ என்றும் வைத்திருந்தால், இரண்டாவது எந்த மாற்றத்துக்கும் உட்படாமல் கிடக்கும். தமிழில் இன்னும் நுட்பமான ஒரு சங்கடம்: ‘மேற்கோள்’ என்பதில் உள்ள ‘கோ’வை ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் வேறு பெயர்களாகக் கருதும் மென்பொருள் உண்டு. ஸ்டைலின் பெயரை யாரும் புதிதாகத் தட்டச்ச வேண்டாம், மூலக் கோப்பிலிருந்தே எடுக்கட்டும் என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான்.

வேர்டில் மூலம் என்பது டெம்ப்ளேட் கோப்பு. பல பேர் எழுதும் ஆவணத்தில் ‘ரெவ்யூ’ பட்டியலில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ போய், நீங்கள் அனுமதித்த ஸ்டைல்களைத் தவிர வேறு அலங்காரம் செய்ய முடியாதபடி பூட்டிவிடலாம். இதை ஏனோ பலர் பயன்படுத்துவதே இல்லை. எனக்கு இது பெரிய நிம்மதி. வெளியிலிருந்து ஒட்டும்போது வெறும் உரையாக ஒட்டும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். ஒரு வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய ஒரே ஒரு பத்தி தன்னோடு புது ஸ்டைல்களை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வேர்டின் ‘மாஸ்டர் டாக்குமென்ட்’ வசதியைப் பெரிய வேலைக்கு நான் நம்புவதில்லை, கோப்பு சிதையும் அபாயம் அதில் அதிகம்.

வேர்டில் எழுதி இன்டிசைனில் பக்கம் கட்டுவதென்றால் இரண்டிலும் ஸ்டைல்களுக்கு ஒரே பெயர் வையுங்கள். வேர்டு கோப்பை ‘பிளேஸ்’ செய்து உள்ளே கொண்டுவரும்போது ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்து, பெயர் மோதினால் இன்டிசைனின் வரையறையே செல்லும் என்று தேர்ந்தெடுத்தால், உரை உள்ளே நுழையும்போதே உங்கள் உடையில் வரும். நுழைந்த பின் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால் அங்கே கைவேலை மிச்சமிருக்கிறது. ஆல்ட் விசையோடு ஸ்டைல் பெயரை அழுத்தினால் அது நீங்கும், கேரக்டர் ஸ்டைல்கள் அப்படியே இருக்கும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் அவையும் போய்விடும். விரலில் கவனம் வேண்டும்.

லேடெக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒழுக்கம் பாதி தானாகவே வரும். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதைக் கட்டியதே, எழுதுகிறவர் அமைப்பைச் சொல்ல வேண்டும், தோற்றத்தை வேறோர் இடம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான். ஆனாலும் உரைக்கு நடுவே நேரடியாகச் சாய்வுக் கட்டளையும் செங்குத்து இடைவெளிக் கட்டளையும் போட்டு அதையும் வேர்டு போலவே ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. நூற்பெயருக்கு ஒரு சொந்தக் கட்டளை, பாடவேறுபாட்டுக்கு ஒன்று என்று வரையறுத்து, வரையறைகள் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வைத்து, இயல்களில் உரை மட்டும் இருக்கும்படி பாருங்கள்.

ஸ்டைலிலிருந்து அறுவடை

பொருளடக்கம், பக்க மேல் ஓடும் தலைப்பு, குறுக்குச் சுட்டு எதையும் கையால் தட்டச்ச வேண்டாம். எல்லாம் பாரா ஸ்டைலைப் பார்த்தே உருவாகும். வேர்டில் ‘ஸ்டைல்ரெஃப்’ என்ற ஃபீல்டை (தானாக நிரம்பும் இடம்) பக்க மேற்குறிப்பில் வைத்தால், அந்தந்தப் பக்கத்தில் நடக்கும் இயலின் பெயர் தானாக வரும். ஒவ்வோர் இயலுக்கும் தனி மேற்குறிப்பு எழுத வேண்டியதில்லை. இன்டிசைனில் ‘ரன்னிங் ஹெடர்’ என்ற டெக்ஸ்ட் வேரியபிள் இதே வேலையைச் செய்யும். வேர்டில் அச்சுக்கு அனுப்புமுன் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப் 9 அழுத்தி ஃபீல்டுகளைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். நீண்ட தலைப்பை அழகுக்காக ஷிஃப்ட் என்டரில் உடைத்திருந்தால் அந்த உடைப்பு பொருளடக்கத்திலும் வந்து நிற்கும். இன்டிசைனில் பொருளடக்கம் செய்யும் பெட்டியில் அதை நீக்கும் தேர்வு இருக்கிறது.

கடைசியாக, மின்னூலும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களென்றால் இன்டிசைனின் ஒவ்வொரு பாரா ஸ்டைலிலும் ‘எக்ஸ்போர்ட் டேகிங்’ பகுதியைத் திறந்து, இயல் தலைப்புக்கு முதல்நிலைத் தலைப்பு, உட்தலைப்புக்கு இரண்டாம் நிலை, மற்றவற்றுக்குப் பத்தி என்று குறியுங்கள். இபப் கோப்பின் உள்ளடக்க அமைப்பு அதிலிருந்துதான் வருகிறது. பிடிஎஃப்புக்கும் அதே இடத்தில் தனிக் குறிப்பு இருக்கும். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவுவது அதை நம்பித்தான். ஆகவே அச்சுக்கு மட்டும் போகும் நூலாக இருந்தாலும் இதை நிரப்பி வையுங்கள்.